பட்டன அமத்தினா காணுமா? பழைய ஓனர் உண்மையாப் போயிட்டாரா எண்டு பாக்கிற விதம்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல கனக்க ஒரே பக்கம்தான் போகுது, ஸ்மார்ட் சாமான் ஒண்டு கை மாறினா அது உண்மையிலயே ஆர்ட சாமான் எண்டதுதான். அதால மத்தக் கேள்விகள அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையே முழுசா எடுக்கிறன்.

கேள்வி: சேர், ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு வீட்டுல பாவிக்கிற ஸ்மார்ட் பிளக், பல்ப், கெமரா எல்லாத்தையும் செக்யூரிட்டி டெஸ்ட் செய்யிறன். கூட்டாளிமார்ட்ட இருந்து வாங்கினதும் இருக்கு, கல்முனையில செகண்ட்ஹேண்டா எடுத்ததும் இருக்கு. ஒவ்வொரு டெஸ்டுக்கும் முதல் சாமான ஆருக்கும் சொந்தமில்லாத நிலைக்குக் கொண்டு வந்துட்டுத்தான் தொடங்க வேணும் எண்டு சுபர்வைசர் சொல்றார். நானும் பட்டன அமத்தி ரீசெட் செய்யிறன், லைட்டும் மின்னுது, ஆனா ஒரு பிளக் மட்டும் என்ட போன்ல சேர்க்கப் போனா இது வேற அக்கவுண்ட்ல இருக்கு எண்டு சொல்லுது. ரீசெட் ஆகல்லயா? அதோட ஏன் ஒவ்வொரு தடவையும் அங்க இருந்தே தொடங்க வேணும்? (மாணவர், ஒலுவில்)

பதில்: தம்பி, ரீசெட் ஆகியிருக்கு, ஆனா பிளக்குக்குள்ள மட்டும்தான் ஆகியிருக்கு. வீட்டுத் திறப்பு உங்கட கைக்கு வந்துட்டு, உறுதி இன்னும் பழைய ஆள்ட பேர்லதான் கிடக்கு. பட்டன அமத்தினா சாமானுக்குள்ள இருக்கிற வைஃபை பேர், பாஸ்வேர்ட், டைமர் செட்டிங் எல்லாம் போகும். இந்தச் சாமான் இன்னார்ட அக்கவுண்டுக்குச் சொந்தம் எண்ட பதிவு கம்பனிட சேர்வர்ல இருக்கு, அத நீங்க எவ்வளவு நேரம் அமத்தினாலும் அழிக்க ஏலாது.

ஸ்மார்ட் லைஃப் ஆப்ல சேர்க்கிற பிளக், பல்ப் எல்லாம், பெட்டியில என்ன பிராண்ட் அடிச்சிருந்தாலும், உள்ளுக்கு டுயா கம்பனிட ப்ளாட்ஃபாரத்துலதான் ஓடுது. அதுல சாமான் செய்யிற ஆக்கள் முக்கியமா ரெண்டு விதமா வைக்கலாம். ஒண்டு வீக் பைண்டிங், ரீசெட் செஞ்சிட்டு ஆர் புதுசாச் சேர்த்தாலும் அவருக்கே போயிடும், பழைய ஆள்ட லிஸ்ட்ல இருந்து காணாமப் போயிடும். மத்தது ஸ்ட்ரோங் பைண்டிங், பழைய ஆள் தன்ட ஆப்ல இருந்து அழிச்சாத்தான் அடுத்த ஆளுக்குச் சேர்க்க ஏலும். உங்கட பிளக் ரெண்டாவது வகை. இதப் பிழை எண்டு எழுதிடாதீங்க உங்கட ரிப்போர்ட்ல. களவு போன ஐஃபோன களவெடுத்தவன் ரீசெட் செஞ்சு விக்கிறதத் தடுக்க 2013ல ஆப்பிள் கொண்டு வந்த அக்டிவேஷன் லொக்கும், 2015ல அண்ட்ரொய்ட் 5.1ஓட வந்த ஃபேக்டரி ரீசெட் ப்ரொடெக்ஷனும் இதே யோசனைதான். ஆகவே நீங்க செய்ய வேண்டியது, அந்தப் பிளக்ட பழைய ஓனருக்கு ஒரு கோல் அடிச்சு அவர்ட ஆப்ல இருந்து அழிக்கச் சொல்றது. அழிக்கப் போனா ரெண்டு ஒப்ஷன் வரும், வெறும் டிஸ்கனெக்ட் ஒண்டு, டிஸ்கனெக்ட் அண்ட் வைப் டேட்டா எண்டு ஒண்டு. ரெண்டாவதத்தான் அமத்த வேணும், முதலாவதுல அவர்ட பழைய டேட்டா சேர்வர்ல அப்படியே கிடக்கும்.

மேட்டர் எண்டது வேற வேற கம்பனிட ஸ்மார்ட் சாமான் ஒண்டா வேலை செய்யிறதுக்கான பொது ஸ்டாண்டர்ட், அந்தச் சின்னம் போட்ட சாமான் எண்டா இன்னும் கவனம் வேணும். 2022 ஒக்டோபர்ல வந்த அந்த ஸ்டாண்டர்ட்ல ஒரு சாமான் குறைஞ்சது 5 வேற வேற சிஸ்டத்துக்கு ஒரே நேரத்துல சொந்தமா இருக்க ஏலும், கூகிள் ஹோம்ல ஒண்டு, ஆப்பிள் ஹோம்ல ஒண்டு, இப்படி. கூகிள் ஹோம்ல இருந்து அழிச்சிட்டு எல்லாம் முடிஞ்சிட்டு எண்டு நினைக்கிற ஆக்கள் கனபேர், மத்ததெல்லாம் உள்ளுக்குக் குந்திக்கொண்டுதான் இருக்கும். அங்க ஆப்ப நம்பாம சாமான்லயே ஃபேக்டரி ரீசெட் அடிச்சாத்தான் எல்லாரும் போவாங்க. அதுக்குப் பிறகும் ஒண்டு மாறாது, சாமான்ட முதுகுல ஒட்டியிருக்கிற கியூஆர் கோட். அத முன்னமே போட்டோ எடுத்து வச்ச ஆள் பக்கத்துல நிண்டா, நீங்க ரீசெட் அடிச்ச கையோட உங்களுக்கு முதல் அவர் எடுத்துடலாம்.

இப்ப ஏன் அந்த நிலையில இருந்து தொடங்கச் சொல்றார் எண்டதுக்கு வாறன். ரெண்டு காரணம் இருக்கு, முதலாவது லேசு. பழைய ஓனர் வச்ச செட்டிங், அவர் அனுமதி குடுத்த போன், அவர்ட சேர்ட்டிஃபிகேட் (ஆள் ஆர் எண்டு காட்டுற டிஜிட்டல் அத்தாட்சி) ஏதும் மிஞ்சியிருந்தா நீங்க கண்டு பிடிக்கிற ஓட்டை சாமான்ட ஓட்டையா, பழைய ஆள் விட்டுட்டுப் போன ஓட்டையா எண்டு தெரியாது, நாளைக்கு இன்னொராள் அதே டெஸ்ட்டச் செஞ்சா வேற ரிசல்ட் வரும்.

ரெண்டாவதுதான் பெருசு. ஸ்மார்ட் சாமான் ஒண்டுட ஆயுள்ல மிச்சம் பலவீனமான நேரம், அது ஆருக்கும் சொந்தமில்லாம முதல் ஓனருக்காகப் பாத்துக்கொண்டு நிக்கிற நேரம்தான். ஓசிஎஃப் எண்ட, ஸ்மார்ட் சாமான்கள் ஒண்டோட ஒண்டு இணையிறதுக்கான இன்னொரு ஸ்டாண்டர்ட்ல இத நேரடியா எழுதியே வச்சிருக்காங்க. அதுல சாமானுக்குள்ள ஓன்ட் எண்டு ஒரு குறிப்பு இருக்கும், சொந்தமில்லாட்டி ஃபோல்ஸ், அதாவது இல்ல எண்டு நிக்கும், ஓனர்ட ஐடி இருக்க வேண்டிய இடத்துல முழுக்க சைபர் நிக்கும். ஹார்ட் ரீசெட் அடிச்சா முதல்ல ரீசெட் நிலைக்குப் போய், அங்க இருந்து ஆர்எஃப்ஓடிஎம் எண்ட நிலைக்கு வரும், அதாவது ஓனர ஏத்துக்கொள்ள ரெடி எண்டது. அந்த நேரம் ஜஸ்ட் வேர்க்ஸ் முறையில செட் செஞ்ச சாமானா இருந்தா, அதே நெட்வேர்க்ல முதல்ல கேக்கிற ஆளுக்குக் கேள்வி இல்லாம ஓனர் பதவியக் குடுத்துடும். பின் நம்பர் கேக்கிற முறையும் இருக்கு, கம்பனி சேர்ட்டிஃபிகேட் பாக்கிற முறையும் இருக்கு. எது போட்டிருக்கு எண்டு பாக்கிறதே உங்கட டெஸ்டுல முதல் பக்கமா வர வேணும், அதுக்கு அந்த நிலையில இருந்து தொடங்காம வேற வழி இல்ல.

சரி, அந்த நிலைக்கு வந்துட்டா இல்லையா எண்டு எப்படித் தெரியும்? லைட் மின்னுறத நம்பாதீங்க. பழைய வைஃபை ரவுட்டர நூக்காம ஓட விட்டு வச்சிட்டு சாமான ரீசெட் செய்யிங்க, பிறகு ரவுட்டர்ட டிவைஸ் லிஸ்ட்டப் பாருங்க. சாமான் தானாத் திரும்பி வந்து அதே வைஃபையில ஏறினா பாஸ்வேர்ட் அழியல்ல எண்டு அர்த்தம். ஏறல்ல எண்டா, போன்ல வைஃபை லிஸ்ட்டத் திறந்து சாமான் தன்ட சொந்த ஹொட்ஸ்பொட்டப் போட்டிருக்கா எண்டு பாருங்க, ஸ்மார்ட்லைஃப் எண்டு தொடங்கி பின்னால நாலு எழுத்து இருக்கிற மாதிரி ஒரு பேர் வரும், ப்ளூடூத்ல சேர்க்கிற சாமான் எண்டா ப்ளூடூத் ஸ்கேன்ல தெரியும். பிறகு பழைய ஓனர்ட போன்ல இருந்து ஒருக்கா ஓன் ஓஃப் செஞ்சு பாக்கச் சொல்லுங்க, வேலை செய்யக் கூடாது. கடைசியா, இதுக்கு முதல் இந்தச் சாமானக் காணாத ஒரு புது அக்கவுண்ட்ல சேர்த்துப் பாருங்க. இதெல்லாம் சரி வந்தாத்தான் தொடங்குற இடத்துல நிக்கிறீங்க. எந்த ஃபேம்வெயார் (சாமானுக்குள்ளயே ஓடுற சொஃப்ட்வெயார்) வேர்ஷன்ல நிக்குது எண்டதையும் அப்பவே எழுதி வைங்க, ரீசெட் செஞ்சா செட்டிங்தான் பழைய இடத்துக்குப் போகும், இடையில அப்டேட் ஆகியிருந்தா ஃபேம்வெயார் பெரும்பாலும் புதுசுலயே நிக்கும்.

இன்னொண்டு, கட்டாயம் செய்யிங்க. இந்த வேலைய கம்பஸ் வைஃபையில வச்சுச் செய்யாதீங்க, ஹொஸ்டல்லயும் வேணாம். தனி ரவுட்டர் ஒண்டு, வெளி இன்டர்நெட் தேவையான நேரம் மட்டும் குடுக்கிற மாதிரி. ஓனர் இல்லாத சாமான நாலு பேர் பாவிக்கிற நெட்வேர்க்ல விட்டா நீங்க டெஸ்ட் செய்ய முதல் வேற ஆராவது கையில எடுத்துடுவாங்க.

கேள்வி: அண்ணன், நான் சிசிடிவி பூட்டுற வேலை. மூடின கடையொண்டுல இருந்து ஒரு ரெக்கோடரும் நாலு கெமராவும் வாங்கினன், பாஸ்வேர்ட் கடைக்காரருக்கே மறந்துட்டு. ரெக்கோடர்ல ரீசெட் பட்டனும் இல்ல. ஃபேஸ்புக்ல ஒருத்தர் சீரியல் நம்பரும் காசும் தந்தா கோட் எடுத்துத் தாறன் எண்டு சொல்றார். குடுக்கவா? (கல்முனை)

பதில்: குடுக்காதீங்க. காசு போறது ஒரு பக்கம், உங்கட கஸ்டமர்ட வீட்டுல பூட்டப் போற சாமான்ட சீரியல் நம்பர முன்பின் தெரியாத ஆள்ட்டக் குடுக்கிறது இன்னும் மோசம். ஹிக்விஷன் மாதிரி ஆக்கள்ட சாமானுக்கு எஸ்ஏடிபி எண்டு இலவச சொஃப்ட்வெயார் அவங்களே தாறாங்க, அதே நெட்வேர்க்ல லெப்டொப்பப் போட்டுத் திறந்தா கெமராவும் ரெக்கோடரும் லிஸ்ட்ல வரும். ஆர்ட கைக்கும் போகாத கெமரா எண்டா பக்கத்துல இன்அக்டிவ் எண்டு நிக்கும், நீங்க புது பாஸ்வேர்ட் வச்சாத்தான் வேலை செய்யத் தொடங்கும். பாஸ்வேர்ட் மறந்ததுக்கு அதுக்குள்ளேயே ஒரு ஃபைல எடுத்து வாங்கின டீலர் மூலமாவோ கம்பனி சப்போர்ட்டுக்கோ அனுப்புற வழி இருக்கு. கடைக்காரர்ட்ட பழைய பில் இருந்தா அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்க, சொந்தம் மாறினதுக்கு அதுதான் சாட்சி. அவர்ட போன் ஆப்ல அந்த ரெக்கோடர் இன்னும் இருந்தா முன்னுக்கு வச்சே அழிக்கச் சொல்லுங்க.

ரீசெட் ஆகின பிறகு ரெண்டு விஷயம் பாக்க வேணும். பழைய மொடல் கெமராக்கள் ரீசெட் ஆகினா கம்பனி வச்ச பொதுப் பாஸ்வேர்டுக்கே திரும்பிப் போகும். 2016ல மிராய் எண்ட மெல்வெயார், அதாவது நாசகார சொஃப்ட்வெயார், உலகம் முழுக்க கெமராவும் ரெக்கோடரும் லட்சக்கணக்குல பிடிச்சது இந்த மாதிரிப் பாஸ்வேர்டுகள்ல 60 சொச்சத்த ஒரு லிஸ்டா வச்சு ஒவ்வொண்டாப் போட்டுப் பாத்துத்தான். அதால ரவுட்டரோட இணைக்க முதலே, நேரா லெப்டொப்புல குத்தி பாஸ்வேர்ட மாத்துங்க, பிறகு மத்த வேலை.

ரெண்டாவது, ஓட்டை சொஃப்ட்வெயாருக்குள்ள இருந்தா ரீசெட் அத அடைக்காது. 2017ல ஹிக்விஷன் கெமரா கொஞ்சத்துல பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளுக்குப் போற ஓட்டை ஒண்டு வெளிய வந்தது, கம்பனி புது ஃபேம்வெயார் விட்டுத்தான் சரி செஞ்சது. அந்தக் காலத்துக் கெமராவ நீங்க நூறு தரம் ரீசெட் செஞ்சாலும் ஓட்டை அப்படியே இருக்கும். மொடல் நம்பரப் பாத்து கம்பனிட சைட்ல இருந்து ஃபேம்வெயார இறக்கி ஏத்துங்க, அந்த மொடலுக்குப் புதுசு ஒண்டும் வரல்ல எண்டா இன்டர்நெட்டோட இணைக்காம உள்ளுக்கு மட்டும் பாவிக்கிற இடத்துக்குக் குடுங்க. கஸ்டமருக்கு இதச் சொல்லிக் குடுக்கிறதும் உங்கட வேலைதான், அவர் நம்பி வீட்டுக்குள்ள விடுறது உங்களத்தான்.

கேள்வி: வெளிநாட்டுல இருந்து மகன் கொண்டு வந்த அலெக்ஸா ஸ்பீக்கர விக்கப் போறம். உள்ளுக்கு எங்கட வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் இருக்கும்தானே, ரீசெட் செஞ்சா முழுசா அழிஞ்சிடுமா? (காத்தான்குடி)

பதில்: சகோதரி, இதக் கேட்டதுக்கே நன்றி சொல்ல வேணும், விக்கிற ஆக்கள் கனபேர் கேக்கிறதே இல்ல. 2021ல அமெரிக்காவில நோர்த்ஈஸ்டேர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ரெண்டு பேர் ஒரு வேலை செஞ்சாங்க, பாவிச்ச எக்கோ டொட் ஸ்பீக்கர் 86 வாங்கிப் பாத்தாங்க. அதுல 61 வீதம் ரீசெட்டே செய்யாம வித்தது. ரீசெட் செஞ்சதுலயும், ஸ்பீக்கரக் கழட்டி மெமறி சிப்ப நேரா வாசிச்சா பழைய வைஃபை பாஸ்வேர்ட் மாதிரி விஷயங்கள எடுக்க ஏலுமா இருந்தது.

அது எப்படி எண்டா, அந்த மாதிரி சாமான்ல இருக்கிற ஃப்ளாஷ் மெமறி ஒரே இடத்துல திரும்பத் திரும்ப எழுதினா தேஞ்சு போகும். அதால அது ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல எழுதும், பழைய இடத்த இனித் தேவையில்ல எண்டு குறிச்சு மட்டும் வைக்கும், உண்மையில அழிக்கிறது எப்பவாவதுதான். ரீசெட் செஞ்சாலும் அந்தக் குறிச்ச இடங்கள்ல எழுத்து அப்படியே நிக்கலாம். சாதாரணமா வாங்கிப் பாவிக்கிற ஆளால அத எடுக்க ஏலாது, அதுக்குக் கருவியும் தெரிஞ்ச கையும் வேணும், ஆனா செய்ய ஏலும் எண்டு காட்டிட்டாங்க.

ஆகவே நீங்க முதல்ல மகன்ட அலெக்ஸா ஆப்ல அந்த ஸ்பீக்கர டீரெஜிஸ்டர் செய்யச் சொல்லுங்க, அக்கவுண்ட் அவர்ட பேர்லதான் இருக்கும். பிறகு ஸ்பீக்கர்ல ரீசெட் அடியுங்க. பிறகு உங்கட ரவுட்டர்ல வைஃபை பாஸ்வேர்ட மாத்துங்க. கடைசியாச் சொன்னது அஞ்சு நிமிஷ வேலை, ஆனா சிப்புக்குள்ள என்ன மிஞ்சியிருந்தாலும் அதுக்குப் பிறகு அந்தப் பாஸ்வேர்டால ஒண்டும் செய்ய ஏலாது.

கேள்வி: அறுகம்பேயில எங்கட கெஸ்ட் ஹவுஸ்ல ஸ்மார்ட் லொக் நாலும் வாசலுக்குக் கெமராவும் இருக்கு. எல்லாத்தையும் செட் செஞ்ச மனேஜர் வேலைய விட்டுப் போயிட்டார், அக்கவுண்ட் அவர்ட ஈமெயில்ல. லொக்க ரீசெட் செஞ்சா அவருக்கு இனித் திறக்க ஏலாதா? (பொத்துவில்)

பதில்: காசு குடுத்து வாங்கினது நீங்க, ஆனா சேர்வர் பாக்கிறது ஈமெயிலத்தான். அவரோட நல்ல முகமா இருக்கிற நேரமே கதைச்சு, அவர்ட போன்ல இருந்து ஒவ்வொண்டாக் கழட்டி வாங்குங்க. கோவம் வந்த பிறகு இந்த வேலை நடக்காது. பிறகு கெஸ்ட் ஹவுஸ் பேர்ல ஒரு ஈமெயில் திறந்து அதுல சேருங்க, இனி எந்த மனேஜர் வந்தாலும் அவருக்கு ஷெயார் மட்டும் குடுங்க.

கழட்டின பிறகும் பழைய பாதை ஏதும் மிஞ்சியிருக்கா எண்டு பாக்க வேணும். 2019ல கூகிள்ட நெஸ்ட் கெமராவில நடந்தது இதுதான். பழைய ஓனர் கெமராவ ரீசெட் செஞ்சு வித்துட்டார், ஆனா அதுக்கு முதல் விங்க் எண்ட இன்னொரு கம்பனிட ஹப்போட (வீட்டு ஸ்மார்ட் சாமான்கள ஒண்டாச் சேர்க்கிற பெட்டி) இணைச்சு வச்சிருந்தார், அந்த வழியால புது ஆள்ட வீட்டுப் படம் அவருக்குத் தொடர்ந்து வந்தது. கூகிள் அத ஜூன் மாசமே அடைச்சிட்டு. ஆனா நீங்க பாக்க வேண்டியது அதே இடம்தான், அலெக்ஸா, கூகிள் ஹோம் எண்டு மனேஜர் வேற எதோடயும் இணைச்சிருந்தாரா எண்டு கேட்டு அதையும் வெட்டுங்க. லொக்ல நம்பர் அமத்தித் திறக்கிற கோட் இருந்தா அது வேற கணக்கு, பழைய கோட் எல்லாத்தையும் ஒவ்வொரு கதவிலயும் நிண்டு அமத்திப் பாருங்க. கெஸ்ட் உள்ளுக்கு நித்திர கொள்ற கதவு அது, ஆப்ல அழிஞ்சிட்டு எண்டு காட்டினது காணாது.

கேள்வி: பக்கத்து வீட்டுக் கெமரா பொதுப் பாஸ்வேர்ட்ல இருக்கு எண்டு தெரியுது. நல்லெண்ணத்துல உள்ளுக்குப் போய் ரீசெட் செஞ்சு விடலாமா? (செங்கலடி)

பதில்: ஏலாது தம்பி. 2007ம் ஆண்டு 24ம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்துல அனுமதி இல்லாம உள்ளுக்குப் போறதே குற்றம். கதவத் தட்டி நேரா சொல்லுங்க, வேணுமெண்டா அவர் பக்கத்துல இருக்கக்குள்ள அவர்ட கையாலயே மாத்திக் குடுங்க. ஒலுவில் தம்பிக்கும் இதே கதைதான், கூட்டாளிட சாமான் எண்டாலும் டெஸ்ட் செய்யச் சம்மதம் எண்டு ஒரு கடதாசில எழுதி வாங்கி வைக்க வேணும்.

கேள்வி: மாரி மழை நேரம் கரண்ட் போய்ப் போய் வந்தா எங்கட ஸ்மார்ட் பல்ப் தானா மின்னத் தொடங்குது, பிறகு ஆப்ல வேலை செய்யுதில்ல. பல்ப் பழுதா கா? (வாழைச்சேனை)

பதில்: பல்ப்ல பழுது இல்ல அம்மா. பல்ப்ல பட்டன் வைக்க இடம் இல்லாததால, சுவிச்ச மூண்டு தொடக்கம் அஞ்சு தரம் வரையில டக் டக் எண்டு போட்டு நூத்தா ரீசெட் ஆகிற மாதிரி கனக்க பல்ப் செஞ்சிருக்காங்க. மழைக்குக் கரண்ட் வெட்டி வெட்டி வரக்குள்ள பல்ப் அத நீங்க சுவிச்சப் போட்டு நூத்ததா எடுத்துக்கொண்டு, பழைய வைஃபைய மறந்துட்டு புது ஓனர் தேடி மின்னத் தொடங்குது. அந்த நேரம் வீக் பைண்டிங் பல்ப் எண்டா பக்கத்து வீட்டு ஆள்ட போனுக்கும் எட்டும். கொஞ்ச நிமிஷத்துல மின்னுறத நிப்பாட்டிச் சாதாரணமாப் பத்தும், பிறகு நீங்க ஆப்ல திரும்பச் சேர்த்தாச் சரி.

மாரி முடியிற வரைக்கும் கரண்ட் ஆடத் தொடங்கினதும் அந்த சுவிச்ச நூத்து வைங்க. ஆப் செட்டிங்ல பவர் சுவிச்சால ரீசெட் ஆகிறத நிப்பாட்டுற ஒப்ஷன் சில பல்ப்ல இருக்கு, உங்கட பல்ப்ல அது இருக்கா எண்டு பேரப்பிள்ளையக் கொண்டு பாக்கச் சொல்லுங்க. இல்லாட்டி வாசல் லைட்டுக்குச் சாதாரண எல்ஈடி பல்ப்பே காணும், ஸ்மார்ட் பல்ப்ப உள் அறைக்கு மாத்திப் போடுங்க.